பிஹெச்பி-யில் டெப்ரிகேட்டட் கிளாஸ்களை மாற்றுவது எப்படி?

உங்கள் ப்ராஜெக்டில் பிஹெச்பிஸ்டான் (கோடை ஓட்டாமலே அதில் பிழை தேடும் கருவி) ஏற்கனவே ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். டெப்ரிகேட்டட் கிளாஸ்களை, அதாவது இனி பயன்படுத்த வேண்டாம் என்று குறிக்கப்பட்ட பழைய கிளாஸ்களைப் பிடிக்க அது மட்டும் போதாது. 'டெப்ரிகேஷன் ரூல்ஸ்' என்ற தனி பேக்கேஜை கம்போசரில் (பிஹெச்பி பேக்கேஜ்களை நிறுவும் கருவி) டெவ் பக்கம் சேர்க்க வேண்டும். கூடவே எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டாலரையும் போட்டுவிடுங்கள், பிஹெச்பிஸ்டானின் செட்டிங்ஸ் உள்ள நியான் ஃபைலில் கைவைக்கும் வேலை மிச்சம்.

எச்சரிக்கை வந்ததும் அந்தப் பழைய கிளாஸின் ஃபைலைத் திறந்து, மேலே உள்ள கமென்ட்டைப் படியுங்கள். மாற்று எது என்று பெரும்பாலும் அங்கேயே இருக்கும். இல்லையென்றால் லைப்ரரியின் அப்கிரேட் ஃபைலைப் பாருங்கள்.

சரி, இனி மாற்றலாம். நியூ, எக்ஸ்டெண்ட்ஸ் உள்ள வரிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். எதையாவது விட்டுவிட்டாலும், பழைய கிளாஸ் நீக்கப்பட்ட வெர்ஷனுக்குப் போனதும் அந்த வரி ஓடும்போது ஃபேட்டல் எரர் வந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆளைக் கவிழ்ப்பது கேட்ச்-உம் (வரும் பிழையைப் பிடிப்பது) இன்ஸ்டன்ஸ்ஆஃப்-உம்தான் (ஒரு ஆப்ஜெக்ட் எந்த கிளாஸைச் சேர்ந்தது என்று பார்ப்பது). நான் நீண்ட நேரம் மாட்டிக்கொண்டதும் இங்கேதான். இல்லாத கிளாஸின் பெயரை கேட்ச்-இல் எழுதினால் பிஹெச்பி எரர் எதுவும் தராது, அந்த கேட்ச் வேலை செய்யாது, அவ்வளவுதான். இன்ஸ்டன்ஸ்ஆஃப்-உம் பேசாமல் ஃபால்ஸ் தந்துவிட்டுப் போய்விடும்.

டேட்டாபேஸோடு பேச உதவும் லைப்ரரியான டாக்ட்ரின் டிபிஏஎல் 3.0-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'டிபிஏஎல்எக்ஸெப்ஷன்' கிளாஸின் பெயர் வெறும் 'எக்ஸெப்ஷன்' என்று மாறியது. பழைய பெயரோடு ஒரு கேட்ச் தங்கிவிட்டால், டேட்டாபேஸ் பிழை அதைத் தாண்டி நேராக மேலே போய்விடும். சாதாரண டெஸ்ட்டில் இது தெரியாது, ஏனென்றால் பிழை வந்தால்தானே கேட்ச்சுக்கு வேலை. அதனால் வெர்ஷனை ஏற்றுவதற்கு முன்பே பழைய பெயரை ப்ராஜெக்ட் முழுக்கத் தேடி, கேட்ச், இன்ஸ்டன்ஸ்ஆஃப் என்ற இந்த இரண்டு இடங்களையும் முதலில் மாற்றுங்கள். ஏற்றிய பிறகு பிஹெச்பிஸ்டானை இன்னொரு முறை ஓட்டினால், கேட்ச்-இல் உள்ள கிளாஸ் இல்லை என்று அதுவே சொல்லும்.

யாமல் செட்டிங்ஸ் ஃபைலில் வெறும் எழுத்தாகக் கிடக்கும் பெயர்களை பிஹெச்பிஸ்டான் பார்க்காது. அவற்றுக்கு ஃபைல்களில் எழுத்தைத் தேடும் கிரெப் கட்டளைதான் கதி.

ஃபைல்கள் நிறைய என்றால் கோடைத் தானாக மாற்றித்தரும் ரெக்டர் நல்லது, ஆனால் முதலில் ட்ரை-ரன்னில் (எதையும் மாற்றாமல்) ஓட்டி டிஃப்பைப் பாருங்கள். எச்சரிக்கைகளை மொத்தமாக பேஸ்லைனில் (இனி காட்டாதபடி ஒதுக்கி வைக்கும் பட்டியல்) தள்ளுவது எனக்குப் பிடிக்காது. அப்புறம் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

பின்சேர்க்கை: ரூல்ஸ் போட்டும் சில இடங்களில் எச்சரிக்கையே வரவில்லை என்று கேட்டிருந்தார்கள். பழைய கிளாஸைப் பயன்படுத்தும் உங்கள் மெத்தடோ கிளாஸோ தானே டெப்ரிகேட்டட் என்று குறிக்கப்பட்டிருந்தால், இந்த ரூல்ஸ் அதற்குள் நடப்பதைக் கண்டுகொள்ளாது. அந்தக் குறியைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.