காட்டுப்பூ நட்டும் தேனீ தங்கவில்லையா? சிங்கப்பூர்த் தோட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பாவில் வயல் ஓரங்களில் காட்டுப்பூச் செடிகளைப் பட்டை பட்டையாக விதைக்கிறார்கள். காட்டுத் தேனீக்களுக்கும் மற்ற மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகளுக்கும் தீனி கொடுக்கவே இந்த ஏற்பாடு. பிரிட்டனில் 1930களுக்குப் பிறகு பூ நிறைந்த புல்வெளிகளில் ஏறத்தாழ 97 விழுக்காடு போய்விட்டது என்பதால் அங்கே அது அவசரத் தேவை. அந்தப் பூப் பட்டைகளின் படங்களைப் பார்த்து நம் ஊர்ச் சமூகத் தோட்டங்களிலும் கிராஞ்சி, லிம் சூ காங் பக்கத்துப் பண்ணைகளிலும் அதே ஆசை முளைத்திருக்கிறது. நல்ல ஆசைதான். தேசியப் பூங்காக் கழகம் 2005ல் தொடங்கிய திட்டத்தில் இன்று 2,000க்கு மேல் சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன. இந்தச் சின்ன நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட தேனீ இனங்களும் இருக்கின்றன. ஆனால் செய்யும் முறையில்தான் கோட்டை விடுகிறோம்.

முதல் தவறு, வெளிநாட்டு விதைப் பொட்டலம். பாப்பியும் கார்ன்பிளவரும் குளிர்நாட்டுச் செடிகள். நம் ஈரத்திலும் சூட்டிலும் அழுகிப்போகும். தப்பிப் பிழைத்தாலும் சில வாரம் பூத்து ஓய்ந்துவிடும். அங்கே குளிர்காலத்தில் தேனீக்கள் அடங்கிக் கிடக்கும். இங்கே பன்னிரண்டு மாதமும் பறக்கின்றன. சின்னத் தேனீக்கள் இரை தேடிப் போவது சில நூறு மீட்டர்தான். அந்த வட்டத்துக்குள் எந்த மாதமும் ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டிருக்க வேண்டும். மஞ்சள் பூப்பூக்கும் சிம்போ ஆயர் புதர், ஊதா நிறப் பூப்பூக்கும் செண்டூடோக் புதர், காலுக்குக் கீழே கிடக்கும் தொட்டாற்சிணுங்கி எல்லாம் இந்த மண்ணில் தானாக வளர்பவை. அதற்காகத் தரையை மூடுகிறதே என்று வெடேலியா என்ற படர்செடியைப் பரப்பிவிடாதீர்கள். அது மற்ற எதையும் தலைதூக்க விடாது.

அடுத்தது நம் வீட்டுப் பழக்கம் ஒன்று. துளசியில் கதிர் விட்டதும் கிள்ளிவிடுகிறோம். இலை நிறைய வரும் என்பது சரிதான். ஆனால் துளசிக் கதிருக்கு வருகிற அளவுக்குத் தேனீக்கள் வேறு சின்னச் செடிகளுக்கு வந்து நான் பார்த்ததில்லை. பாதியைக் கிள்ளுங்கள், பாதியை விடுங்கள். அதேபோல அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு நந்தியாவட்டை போன்றவற்றை நம்பாதீர்கள். மகரந்தம் தர வேண்டிய கேசரங்களே அதில் இதழாக மாறியிருக்கும். பார்க்க அழகு, தேனீக்குப் பட்டினி. ஒற்றை இதழ் வகைகளை நடுங்கள்.

கத்தரிக்காய் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தேனீ என்றதும் பெட்டியில் வளர்க்கும் தேன் தேனீ மட்டும்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. உடனே ஒரு பெட்டி வாங்கி வைக்கப் பார்க்கிறார்கள். அதனால் காட்டுத் தேனீக்களுக்கு ஒரு நன்மையும் இல்லை, இருக்கிற பூவுக்குப் போட்டிதான் கூடும். கத்தரிப் பூவின் நடுவே மஞ்சளாக நிற்கும் கூம்பை உற்றுப் பாருங்கள். மகரந்தம் அதற்குள்ளே இருக்கிறது. நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வெளியே வர முடியும். நீலப்பட்டைத் தேனீ வந்து அந்தக் கூம்பைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். சிறகை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் அதிரவிடும். ‘ர்ர்ர்’ என்று ஒரு சத்தம், மகரந்தம் பொடியாக அதன் வயிற்றில் கொட்டும். கருவண்டு என்று நாம் சொல்லும் பெரிய தச்சுத் தேனீயும் இதைச் செய்யும். தேன் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கத்தரி, தக்காளி எல்லாம் காற்றிலும் ஓரளவு காய்க்கும், ஆனால் இந்த அதிர்வு கிடைத்த செடியில் காய்ப்பே வேறு.

பூசணி, பாகல் கொடிகளில் பிஞ்சு வெம்பி விழுந்தால் உடனே மருந்துப் புட்டியைத் தேடுகிறோம். பழ ஈ காரணமாக இருக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் பெண் பூவுக்கு மகரந்தம் போதாததாலும் பிஞ்சு அப்படியே மஞ்சளாகி உதிரும். பூசணிப் பூ விடியலில் விரிந்து மதியத்துக்கு முன் மூடிவிடும். அந்த நேரத்தில் மருந்தடித்தால் வருகிற தேனீயும் சாகும், பிறகு காய் எப்படிப் பிடிக்கும்? வேப்பெண்ணெயானாலும் பூவில் படாமல், பூ மூடிய பிறகு தெளியுங்கள். தெளிப்பதற்கு முன் செடித் தண்டுகளை ஒருமுறை பாருங்கள்: ஆண் நீலப்பட்டைத் தேனீக்கள் சாயங்காலம் காய்ந்த குச்சிகளில் தாடையால் கவ்வியபடி வரிசையாகத் தூங்கும். பூச்சிகளின் நரம்பைத் தாக்கும் நியோனிகோட்டினாய்டு மருந்துகளில் மூன்றைத் திறந்த வெளியில் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018ல் தடை போட்டது. போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, அளவு மீறிய சுத்தம். பூவைத் தேடி வரும் தேனீக்குக் குடியிருக்க இடம் வேண்டாமா? நீலப்பட்டைத் தேனீ மண்ணில் துளை போட்டு முட்டையிடும். தச்சுத் தேனீக்குக் காய்ந்த மரம் அல்லது மூங்கில் வேண்டும். இலைவெட்டித் தேனீ ரோஜா இலையில் வட்டமாக வெட்டியெடுத்துப் போய்க் குழலான தண்டுக்குள் அறை கட்டும் (அந்த ஓட்டையைப் பார்த்து நோய் என்று பயப்பட வேண்டாம்). நாமோ தரை முழுக்கச் சிமெண்டும் மரத்தூளும் பரப்பி, காய்ந்த கிளையை அன்றைக்கே குப்பையில் போட்டுவிடுகிறோம். மழை நேரடியாக அடிக்காத, வெயில் படும் ஒரு முழம் வெறும் மண்ணை மூலையில் விட்டுவைத்தால் போதும். ஓரத்துச் செடிகளை ஒரே நாளில் மொட்டையடிப்பதும் இதே தவறுதான். ஒப்பந்தக்காரர் வெட்டுவதாக இருந்தால் நகர மன்றத்திடம் பேசி, ஒரு பாதி இப்போது, மறு பாதி அடுத்த முறை என்று கேட்டுப் பாருங்கள்.

புளோக் சுவரில் மெழுகுக் குழாய் போல ஒரு வாசல் தெரிந்தால் அது கொசுத்தேனீ. கொடுக்கு இல்லை. அதைச் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள். மலைத்தேனீக் கூட்டம் மரத்தில் இறங்கினால் மட்டும் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பயணத்தில் இளைப்பாற இறங்கிய கூட்டம் பெரும்பாலும் சில நாளில் தானே கிளம்பிவிடும்.

தேனீக்குத் தண்ணீர் வைக்கிறேன் என்று தட்டில் ஊற்றி மறந்துவிடுவது இங்கே ஆபத்து. ஏடிஸ் கொசு வளர்ந்து டெங்கியில் கொண்டுவிடும், அப்புறம் புகையடிப்பார்கள், அந்தப் புகையில் தேனீயும் தப்பாது. ஈர மணல் நிரப்பிய தொட்டியே போதும்.

பண்ணைக்காரர்களுக்கு ஒன்று. இங்கே விளைவதில் பெரும்பகுதி கீரை. கீரைக்கு மகரந்தச் சேர்க்கை தேவையில்லை, ஆகவே பூப் பட்டை போட்டதும் விளைச்சல் கூடும் என்று கணக்குப் போடாதீர்கள். லாபம் வேறு வழியில் வரும்: பூவுக்கு மேலே அந்தரத்தில் மிதந்து நிற்கும் மிதவை ஈக்களின் புழுக்கள், செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும். சாய் சிம் கீரை வரிசையில் சில செடிகளை அறுக்காமல் பூக்க விட்டாலே பாதி வேலை முடிந்தது.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருக்கும் புழுவை நசுக்காதீர்கள், அது அழகான ஒரு வண்ணத்துப்பூச்சியாகப் போகிறது. பத்து இலை போனால் போகட்டும். புடலையும் சுரையும் மாலையில் விரியும் வெள்ளைப் பூக்கள். அவற்றுக்கு வருவது பெரும்பாலும் அந்துப்பூச்சி. இரவெல்லாம் எரியும் விளக்குக்கு நேர் கீழே பந்தல் போட்டால் அந்துகள் பூவை விட்டு விளக்கையே சுற்றும். பந்தலை இருட்டுப் பக்கம் மாற்றுங்கள். அதற்கு வழியில்லையென்றால், மாலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நீங்களே தடவிவிடலாம்.