உஸ்பெகிஸ்தானில் கூட்டாளியைச் சேர்க்குமுன் சரிபார்க்க வேண்டியவை

முன்னாள் சோவியத் நாடுகளில் முதலீடு செய்வோரில் சிலர், லஞ்சத்தையும் செலவுக் கணக்கில் சேர்த்துவிட்டால் தொழில் தடையின்றி நடந்துவிடும் என நம்புகிறார்கள். இதைவிட ஆபத்தான நம்பிக்கை வேறில்லை என்பேன். கொடுத்த பணம் தொழிலைக் காப்பதில்லை என்பதோடு, பின்னாளில் முறையிடும் உரிமையையும் அது பறித்துவிடுகிறது.

கூட்டாளி நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார் என்பதை முதலில் கண்டறியுங்கள். 2006-இல் உஸ்பெகிஸ்தானின் கைபேசிச் சந்தையில் நுழைந்த விம்பெல்காம் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம், ஜிப்ரால்டரில் பதிவான டகிலன்ட் என்ற பெயரளவு நிறுவனத்துக்குப் பங்கு கொடுத்தது. 2007-இல் 2 கோடி டாலருக்குக் கொடுத்த அந்தப் பங்கை, 2009-இல் 5.75 கோடி டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. இதனால் பயனடைந்தவர் அன்றைய அதிபரின் மகள் குல்னாரா கரிமோவா என்று அமெரிக்க அரசு 2019-இல் குற்றம்சாட்டியது. ஆகவே, பங்குதாரர் பட்டியலை நிறுவனப் பெயர்களோடு நிறுத்தாமல், இறுதியில் நிற்கும் தனிமனிதர்வரை கேட்டுப் பெறுங்கள். தர மறுப்பவரோடு பேச்சைத் தொடர வேண்டாம். உயர்ந்த விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தத்தில் உறுதியளிக்கும் பிரிவு இருந்தால், அந்தக் கூட்டாளி நட்டத்தில் எந்தப் பங்கை ஏற்கிறார் என்று கேளுங்கள்.

ஆலோசனைக் கட்டணம் என்ற தலைப்பில் வரும் ஒவ்வொரு பில்லையும் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். விம்பெல்காம் வழக்கில் கோடிக்கணக்கான டாலருக்கு வாங்கப்பட்ட ஆலோசனை அறிக்கைகள், இணையத்தில் கிடைத்தவற்றைப் பிரதியெடுத்தவை என்று தெரியவந்தது. 2016-இல் அந்நிறுவனம் அமெரிக்க, நெதர்லாந்து அரசுகளுக்கு 79.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஆலோசகர் செய்த வேலை என்ன, எந்த ஊழியர் செய்தார், அதே வேலைக்குச் சந்தையில் என்ன விலை ஆகிய மூன்றுக்கும் எழுத்தில் பதில் கிடைக்காமல் பணம் அனுப்பாதீர்கள். வேலை நடந்த நாட்டை விட்டு மூன்றாவது நாட்டு வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

செல்வாக்குள்ள ஒருவரின் ஆதரவு இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. ரஷ்யக் கைபேசி நிறுவனமான எம்டிஎஸ், கரிமோவாவுக்குப் பெருந்தொகை லஞ்சம் கொடுத்திருந்தும், 2012-இல் அதன் உஸ்பெக் கிளையின் உரிமம் ரத்தானது. 2019-இல் அமெரிக்காவுக்கு 85 கோடி டாலர் அபராதமும் கட்ட நேர்ந்தது. கரிமோவாவே, தந்தை அதிபராக இருந்த 2014-இல் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்.

அரசுகள்மீது முதலீட்டாளர்கள் தொடுக்கும் வழக்குகளை விசாரிக்கும் பன்னாட்டு நடுவர் மன்றம் காப்பாற்றும் என்று எண்ணுவோர் மெட்டல்-டெக் வழக்கைக் கட்டாயம் படிக்க வேண்டும். மாலிப்டினம் என்ற உலோகத்தின் தயாரிப்பில் இறங்கிய அந்த இஸ்ரேலிய நிறுவனம், உஸ்பெக் அரசு தன் தொழிலை முடக்கிவிட்டதாக முறையிட்டது. ஆலோசகர்களுக்குச் சுமார் 40 லட்சம் டாலர் கொடுத்தது விசாரணையில் தெரியவந்தபோது, அதற்கு ஈடாக நடந்த நியாயமான வேலையை அந்நிறுவனத்தால் காட்ட முடியவில்லை. ஊழலால் அமைந்த முதலீட்டை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று மன்றம் 2013-இல் கைவிரித்தது. அரசு செய்தது சரியா தவறா என்ற கேள்விக்கே வழக்கு போய்ச் சேரவில்லை.

இந்தியாவும் உஸ்பெகிஸ்தானும் 2024 செப்டம்பரில் புதிய முதலீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுள்ளன. இங்கிருந்து செல்வோர் அதன் வாசகத்தை, முக்கியமாக எந்த முதலீட்டுக்குப் பாதுகாப்பு இல்லை என்று கூறும் பகுதியை, வழக்கறிஞரோடு அமர்ந்து படித்த பிறகே பணத்தை அனுப்பலாம். உரிமம் கேட்டு எழுதிய கடிதம், கட்டணம் கட்டிய ரசீது, அதிகாரிகளைச் சந்தித்த நாள், உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே கோப்பாக்கி, ஒரு பிரதியை அந்த நாட்டுக்கு வெளியே வைத்திருங்கள்.