21 நாள் தப்பிப்போனால்: அவுஸ்திரேலியாவில் வேலை பறிபோனவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

திருகோணமலையிலிருந்து போய் மெல்பேர்னிலோ சிட்னியிலோ வேலை செய்கிறவர்கள், லீவில் ஊருக்கு வந்து நிற்கும்போதே வேலைநீக்கக் கடிதம் மின்னஞ்சலில் வந்துவிடுவதுண்டு. அம்மாவின் ஒப்பரேஷன், அந்தியேட்டி என்று ஓடித்திரிகிற நேரத்தில் "திரும்பிப் போய்ப் பார்ப்பம்" என்று விட்டுவிடுவார்கள். அங்கேதான் வில்லங்கம் தொடங்குகிறது.

படி 1: நாளை எண்ணுங்கள்

2009ஆம் ஆண்டின் ஃபெயார் வேர்க் சட்டப்படி, நியாயமற்ற வேலைநீக்க விண்ணப்பத்தை 21 நாளுக்குள் ஃபெயார் வேர்க் கொமிஷனில் (அங்கே வேலைப் பிணக்குகளை விசாரிக்கும் ஆணைக்குழு) போட வேண்டும். வேலை நின்ற நாள் கணக்கில் இல்லை. மார்ச் 3 நின்றால் கடைசி நாள் மார்ச் 24. அது சனி, ஞாயிறு, அரச விடுமுறை என்றால் அடுத்த வேலைநாள். மார்ச்சில் மெல்பேர்ன் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தி ஓடுகிறது. அங்கே நள்ளிரவு என்றால் இங்கே மாலை 6.30 தான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அனுப்பினால் பிந்திவிடும்.

படி 2: அரைகுறையாகவேனும் போடுங்கள்

விண்ணப்பத்துக்கான எஃப் 2 படிவம் இணையத்தில் இருக்கிறது, இங்கிருந்தே அனுப்பலாம். சட்டத்தரணி கிடைக்கட்டும், கடிதங்கள் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆவணங்களைப் பிறகும் கொடுக்கலாம். ஆறு மாதம் வேலை செய்திருக்க வேண்டும், 15 பேருக்குக் குறைந்த சிறு நிறுவனம் என்றால் ஒரு வருடம்.

படி 3: பிந்திவிட்டதா? காரணத்தைக் கட்டுங்கள்

கஷ்டமான வேலை முழுக்க இந்தப் படியில்தான். "விதிவிலக்கான சூழ்நிலை" இருந்தால் மட்டுமே கால நீடிப்புக் கிடைக்கும். சட்டத்தின் 394ஆம் பிரிவு ஆறு விடயங்களைப் பார்க்கச் சொல்கிறது: தாமதத்தின் காரணம், வேலைநீக்கம் உங்களுக்கு எப்போது தெரியவந்தது, அதை எதிர்க்க என்ன செய்தீர்கள், முதலாளிக்கு வரும் பாதிப்பு, வழக்கின் வலு, உங்களைப் போன்ற மற்றவர்களோடு பார்க்கையில் நியாயம்.

"சட்டம் தெரியாது" என்பது பெரும்பாலும் எடுபடாது. வருத்தம் என்றால், வைத்தியர் "ஓய்வு தேவை" என்று எழுதித் தந்த துண்டு போதாது. ஒரு படிவம் நிரப்பக்கூட ஏன் முடியவில்லை என்று அதில் இருக்க வேண்டும். அதே கிழமை வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் அதையும் கேட்பார்கள். சட்டத்தரணி பிந்தினார் என்றால், நீங்கள் நேரத்தோடு சொன்னதையும் விடாமல் விசாரித்ததையும் காட்டுங்கள்.

வைத்தியசாலை டயக்னோசிஸ் கார்ட், விமானச் சீட்டு, மரணச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தர் கடிதம் எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்குங்கள். தமிழிலோ சிங்களத்திலோ இருப்பவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்குங்கள். தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனாலும் விளக்கம் இல்லாத பத்து நாள் நடுவில் கிடந்தால் கண் அங்கேதான் போகும்.

படி 4: மறுத்துவிட்டார்களா?

முதலில் கொமிஷனின் முழு அமர்வுக்கு (பல உறுப்பினர்கள் சேர்ந்து விசாரிப்பது) மேன்முறையீடு. படிவம் எஃப் 7, இதற்கும் 21 நாள்தான். அனுமதி பெற வேண்டும், பொதுநலனும் இருக்க வேண்டும். "எனக்கு அநியாயம் நடந்தது" என்பது மட்டும் பொதுநலன் ஆகாது.

படி 5: நீதித்துறை மீளாய்வு

அதற்குப் பிறகு ஃபெடரல் நீதிமன்றம். இது மேன்முறையீடு அல்ல. உங்கள் காரணம் நல்லதா என்று நீதிபதிகள் மறுபடி நிறுத்துப் பார்க்க மாட்டார்கள். சட்டம் பார்க்கச் சொன்ன விடயத்தைக் கொமிஷன் பாராமல் விட்டதா, கேள்வியையே தவறாக விளங்கிக்கொண்டதா, உங்கள் பக்கத்தைக் கேட்காமலே முடித்ததா என்றுதான் பார்ப்பார்கள். சட்டத்தரணிகள் இதை நியாயாதிக்கத் தவறு என்பார்கள். வென்றாலும் நீதிமன்றம் பொதுவாகக் கால நீடிப்பைத் தானே தந்துவிடாது. பழைய முடிவை இரத்துச் செய்து, சட்டப்படி திரும்பப் பாருங்கள் என்று கொமிஷனுக்கே அனுப்பும்.

என்னைக் கேட்டால், முழு அமர்வின் தீர்ப்பை ஆறு விடயங்களோடும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு வாசித்து, விடுபட்டது எதுவென்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் மட்டும் இந்தப் படியில் காசைச் செலவழியுங்கள்.