நேற்று வந்த மெயில் எங்கே போனது? ஜிமெயிலைப் படிக்கவும் அடுக்கவும்

கம்ப்யூட்டரில் ஜிமெயில் பார்க்கப் பழகுகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: "நேத்து வந்துச்சு, தொறந்து படிச்சேன், இன்னைக்குக் காணோமே?" அந்த மெயில் அநேகமாக எங்கும் போயிருக்காது. கை எதையோ அழுத்தியிருக்கும், எதை என்றுதான் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம். பட்டன்களின் பெயரை ஆங்கிலத் திரையில் இருக்கிறபடியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இன்பாக்ஸ் ஒரு பெட்டி அல்ல

வீட்டில் ஒரு கடுதாசி பெட்டகத்தில் இருந்தால் மேசை மேல் இருக்காது. ஜிமெயில் அப்படி இல்லை. உங்கள் மெயில்கள் எல்லாம் ஒரே கிடங்கில்தான் கிடக்கின்றன. அந்தக் கிடங்கின் பெயர் ஆல் மெயில். ஒவ்வொரு மெயில் மேலும் சின்னச் சீட்டுகள் ஒட்டியிருக்கும். சீட்டுக்கு லேபிள் என்று பெயர். இன்பாக்ஸ் என்பதும் அப்படி ஒரு சீட்டுதான். இன்பாக்ஸைத் திறந்தால் அந்தச் சீட்டு ஒட்டியவற்றை மட்டும் பொறுக்கிக் காட்டுகிறது, அவ்வளவே.

இது மனதில் பதிந்துவிட்டால் மீதிப் பாதி தானாகவே புரியும். மெயில் வரியின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் வலது ஓரத்தில் நான்கு சின்னப் படங்கள் தோன்றும். கீழ்நோக்கிய அம்பு உள்ள பெட்டி, ஆர்க்கைவ். குப்பைத்தொட்டி, டெலீட். உறை, படித்ததைப் படிக்காததாக மாற்ற. கடிகாரம், ஸ்னூஸ், "இப்போது வேண்டாம், திங்கட்கிழமை காலையில் மறுபடி மேலே கொண்டுவா" என்று சொல்லிவைப்பதற்கு. முதல் இரண்டும் ஒட்டிக்கொண்டே இருப்பதால் கை தவறுவது சகஜம்.

ஆர்க்கைவ் செய்தால் இன்பாக்ஸ் சீட்டு மட்டும் கிழிக்கப்படுகிறது. மெயில் கிடங்கில் பத்திரமாக இருக்கும், கால வரம்பே கிடையாது. அந்த மெயிலுக்கு யாராவது பதில் போட்டால் தானாகவே இன்பாக்ஸுக்குத் திரும்பிவிடும். டெலீட் செய்தால் டிராஷுக்குப் போகும். சில திரைகளில் அதற்கு "பின்" (Bin) என்று பெயர் இருக்கும். அங்கே 30 நாள் கிடக்கும், பிறகு அடியோடு அழிந்துவிடும். வேண்டாத மெயில்களை ஜிமெயில் ஒதுக்கிவைக்கும் ஸ்பேமுக்கும் அதே 30 நாள்தான்.

ஆகவே காணாமல் போனதைத் தேடும் வரிசை இது. இடது ஓரப் பட்டியலில் மோர் என்பதை அழுத்தி ஆல் மெயிலைத் திறந்து பாருங்கள். இல்லையென்றால் டிராஷ். அங்கும் இல்லையென்றால் ஸ்பேம். கடைசி இரண்டும் ஆல் மெயிலில் வராது, தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். கிடைத்ததும் மெயிலை டிக் செய்து, மேலே உள்ள மூவ் டு படத்தை அழுத்தி, இன்பாக்ஸைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பேமில் கிடைத்தால் நாட் ஸ்பேம் என்ற பட்டனை அழுத்துவதே நல்லது, அடுத்த முறை ஜிமெயிலுக்கும் தெரியும்.

மொபைலில் பஸ்ஸில் போகும்போது விரல் பக்கவாட்டில் இழுபட்டாலே மெயில் மறையும். நீங்கள் செட்டிங்ஸை மாற்றாதவரை அந்த இழுப்புக்கு ஆர்க்கைவ் என்றுதான் அர்த்தம், அழிவு அல்ல.

இன்னொரு ஒளிவிடம், இன்பாக்ஸின் தலையில் இருக்கும் தாவல்கள்: பிரைமரி, ப்ரோமோஷன்ஸ், சோஷியல், அப்டேட்ஸ். ரயில் டிக்கெட்டும் ரசீதும் பல நேரம் அப்டேட்ஸில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரைமரியில் வேண்டுமென்றால் அந்த வரியை மவுஸால் பிடித்து இழுத்துப் பிரைமரியில் போடுங்கள். இனி இவரிடமிருந்து வருவதெல்லாம் இங்கேயே வரட்டுமா என்று கேட்கும், எஸ் சொல்லிவிடுங்கள்.

ஒரே வரியில் ஏழு மெயில்

ஒரே விஷயத்தில் போய்வந்த மெயில்களை ஜிமெயில் ஒரே வரியாகக் கட்டிவிடுகிறது. பெயருக்குப் பக்கத்தில் 7 என்று இருந்தால் உள்ளே ஏழு மெயில் என்று பொருள். வசதிதான், ஆனால் இங்கேதான் காசும் போகும்.

கையால் வார்க்கும் ஆத்தங்குடி டைல்ஸ் ஆர்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் வளவுக்கு, அதாவது உள்முற்றப் பகுதிக்கு, 1,200 சதுர அடி. மூன்றாவது மெயிலில் வாடிக்கையாளர் எட்டங்குலக் கல் என்று எழுதுகிறார். ஆறாவதில், பத்தங்குலமே போதும் என்று மாற்றிவிடுகிறார். ஏழாவது மெயிலில் "படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்" என்று மட்டும். திறந்தவுடன் கண்ணில் படுவது ஏழாவதுதான். நீங்கள் ஏற்கெனவே திறந்த மெயில்கள், படித்தாலும் படிக்காவிட்டாலும், ஒற்றை வரியாகச் சுருங்கிக் கிடக்கும். நிறைய இருந்தால் நடுவில் ஒரு வட்டத்துக்குள் எண் மட்டுமே தெரியும். எட்டங்குலம் என்றால் 2,700 கல், பத்தங்குலம் என்றால் 1,728. மூன்றாவது மெயிலோடு நின்றவர் ஏறக்குறைய ஆயிரம் கல் கூடுதலாக வார்த்துக் காயவைத்துவிடுவார்.

தப்பிக்க வழி எளிது. மெயிலைத் திறந்ததும் வலது மேல் மூலையில் மேலும் கீழும் அம்புள்ள எக்ஸ்பேண்ட் ஆல் என்ற படத்தை அழுத்தினால் ஏழும் விரிந்துவிடும். மேலிருந்து கீழாகப் படியுங்கள். கடைசியாக வந்தது அடியில் இருக்கும். மெயிலின் வாலில் மூன்று புள்ளி தெரிந்தால் அதற்குள் பழைய மேற்கோள் ஒளிந்திருக்கிறது, சில நேரம் அனுப்பியவரின் கையெழுத்தும் போன் நம்பரும்கூட.

இந்தக் கட்டு முறையே பிடிக்கவில்லையா? பல்சக்கரப் படம், சீ ஆல் செட்டிங்ஸ், ஜெனரல், கான்வர்சேஷன் வியூ ஆஃப். பிறகு பக்கத்தின் அடிக்குப் போய் சேவ் சேஞ்சஸ். அந்த சேவ் சேஞ்சஸை அழுத்தாமல் வெளியே வந்துவிட்டு "மாத்தினேன், மாறலை" என்பவர்கள் அதிகம்.

கட்டு முறையில் இன்னும் இரண்டு பொறிகள். பட்டியலில் குப்பைத்தொட்டியை அழுத்தினால் ஏழும் சேர்ந்து போகும். ஒன்றை மட்டும் நீக்க, அந்த மெயிலைத் திறந்து, அதன் வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளியில் டெலீட் திஸ் மெசேஜ் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரிண்டும் அப்படியே: மேல் மூலையில் உள்ள பிரிண்டர் படம் ஏழையும் அச்சடிக்கும். மூன்று புள்ளிக்குள் இருக்கும் பிரிண்ட் அந்த ஒன்றை மட்டும்தான். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் ஜெராக்ஸ் கடையில் இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது.

பதில் போடுவது

ரிப்ளை என்றால் அனுப்பியவருக்கு மட்டும். ரிப்ளை ஆல் என்றால் அந்த மெயிலில் இருக்கும் அத்தனை பேருக்கும். பொது வீட்டு ஓடு மாற்றும் செலவைப் பற்றிச் சிங்கப்பூரிலும் சென்னையிலும் தேவகோட்டையிலும் இருக்கிற பங்காளிகள் பதினாலு பேருக்கு மெயில் வந்திருக்கிறது என்று வையுங்கள். "எம் பங்கு எவ்வளவுண்ணே?" என்று ரிப்ளையில் கேட்டால் ஒருவருக்கு, ரிப்ளை ஆலில் கேட்டால் பதினாலு வீட்டுக்கும் தெரியும். அனுப்பும் முன் டூ கட்டத்தில் எத்தனை பெயர் என்று ஒருமுறை பாருங்கள்.

நீங்களே பலருக்கு அனுப்புகிறீர்கள் என்றால், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாடு) அழைப்பு மாதிரி, முகவரிகளை பிசிசி கட்டத்தில் போடுங்கள். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது, ரிப்ளை ஆல் தொல்லையும் வராது.

ரிப்ளை செய்தால் பழைய மெயிலோடு வந்த ஃபைல் கூடப் போகாது. ஃபார்வர்ட் செய்தால் போகும். எஸ்டிமேட்டை மகனுக்குக் காட்ட வேண்டுமா, ஃபார்வர்ட்தான். நீங்கள் இணைக்கும் ஃபைலுக்கு 25 எம்பி வரம்பு. அதைத் தாண்டினால் ஜிமெயில் அதை டிரைவில் (கூகுளின் ஆன்லைன் சேமிப்பிடம்) ஏற்றி லிங்க்காக அனுப்பும். எதிரில் உள்ளவருக்குப் பார்க்க அனுமதி கொடுக்கட்டுமா என்று கேட்கும்போது கவனிக்காமல் மூடிவிட்டால் அவருக்கு ஃபைல் திறக்காது.

செட்டிங்ஸில் ஜெனரலில் அன்டூ சென்ட் என்று ஒன்று இருக்கிறது. முதலில் 5 நொடி என்றிருக்கும். 30 ஆக்கி சேவ் செய்யுங்கள். இடது கீழ் மூலையில் அன்டூ தெரிகிற வரை அனுப்பியதை இழுத்துப் பிடிக்கலாம். அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது.

லேபிளும் ஃபில்டரும்

வங்கி, வீட்டு வரி, ஆர்டர், பிள்ளைகள் படிப்பு. தொடங்க நாலு லேபிள் போதும். இருபது போட்டால் எதை எங்கே ஒட்டினோம் என்று மறுபடி தேடத் தொடங்குவீர்கள். இடது பட்டியலில் லேபிள்ஸ் என்ற சொல்லின் அருகில் உள்ள கூட்டல் குறியை அழுத்தித் தமிழிலேயே பெயர் கொடுக்கலாம். ஒரு மெயிலுக்கு இரண்டு லேபிளும் ஒட்டலாம். லேபிள் படத்தை அழுத்தினால் சீட்டு மட்டும் ஒட்டும். மூவ் டு அழுத்தினால் சீட்டும் ஒட்டி இன்பாக்ஸிலிருந்தும் எடுத்துவிடும்.

ஒட்டும் வேலையை ஜிமெயிலிடமே விட்டுவிடலாம், அதற்குப் பெயர்தான் ஃபில்டர்:

1. மேலே தேடல் கட்டத்தின் வலது முனையில் கோடும் புள்ளியுமாக உள்ள படத்தை அழுத்துங்கள். ஒரு படிவம் விரியும்.
2. ஃப்ரம் இடத்தில் வங்கி அனுப்பும் முகவரியை முழுதாகப் போடுங்கள். மெயிலிலிருந்து காப்பி செய்வதே பிழையில்லாத வழி.
3. அடியில் கிரியேட் ஃபில்டர்.
4. அப்ளை த லேபிள் என்பதை டிக் செய்து வங்கி லேபிளைத் தேர்ந்தெடுங்கள். நெவர் சென்ட் இட் டு ஸ்பேம் என்பதையும்.
5. பழைய மெயில்களுக்கும் ஒட்ட வேண்டுமானால் ஆல்ஸோ அப்ளை என்று தொடங்கும் வரியை டிக் செய்து, கிரியேட் ஃபில்டர்.

அதே பட்டியலில் ஸ்கிப் த இன்பாக்ஸ் என்று முதலாவதாக இருக்கும். வங்கி மெயிலுக்கு அதைத் தொடாதீர்கள். வந்ததே தெரியாமல் உள்ளே போய் அடங்கிவிடும். கடை விளம்பரங்களுக்கு வேண்டுமானால் பொருந்தும்.

தேடுவதும் இடம் காலி செய்வதும்

ஜிமெயில் தேடலுக்குச் சொல்லின் பாதியைக் கொடுத்தால் பெரும்பாலும் கைவிரித்துவிடும். அனுப்பியவர் பெயர், பில் எண் போன்றவற்றை முழுதாக அடியுங்கள். அதே படிவத்தில் ஹேஸ் அட்டாச்மென்ட் என்பதை டிக் செய்தால் ஃபைல் உள்ளவை மட்டும் நிற்கும். டிராஷிலும் ஸ்பேமிலும் சேர்த்துத் தேட, படிவத்தின் கடைசியில் உள்ள சர்ச் பட்டியலை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அவற்றை அது எட்டிப் பார்ப்பதில்லை.

இலவச இடம் 15 ஜிபி. அது மெயிலுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். கல்யாண வீடியோ நாலு ஏற்றினால் மெயில் வருவது நின்றுபோகும், அனுப்பியவருக்கே திரும்பிவிடும். படிவத்தில் சைஸ் இடத்தில் கிரேட்டர் தேன், 10, எம்பி என்று கொடுத்தால் பெருத்த மெயில்கள் வரிசையாக வரும். வேண்டாதவற்றை நீக்கியபின் டிராஷையும் காலி செய்யுங்கள். அதுவரை இடம் திரும்பக் கிடைக்காது.

மொத்தமாக நீக்கும்போது மேலே உள்ள கட்டத்தை டிக் செய்தால் அந்தப் பக்கத்தில் இருப்பவை மட்டுமே தேர்வாகும், வழக்கமாக 50. எல்லாவற்றையும் பிடிக்க, அப்போது மேலே தோன்றும் செலக்ட் ஆல் என்று தொடங்கும் நீல வரியையும் அழுத்த வேண்டும். அழுத்தும் முன் எண்ணிக்கையைப் படியுங்கள்.

திறக்காத பிடிஎஃப், திறக்கக் கூடாத லிங்க்

இ-ஆதார் பிடிஎஃப் பாஸ்வேர்ட் கேட்டால், பெயரின் முதல் நாலு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், உடனே பிறந்த வருடம், இடைவெளி இல்லாமல். வருமான வரி ஒப்புகைக்கு, பான் எண் சின்ன எழுத்தில், பின்னால் பிறந்த தேதி எட்டு இலக்கமாக.

"கணக்கு முடங்கும், உடனே அழுத்தவும்" என்று வந்தால் அனுப்பியவர் பெயரை நம்ப வேண்டாம். பெயரை யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். பெயருக்குக் கீழே டு மீ என்பதன் பக்கத்தில் உள்ள சின்ன அம்பை அழுத்தினால் உண்மையான முகவரி தெரியும். அட் குறிக்குப் பின்னால் வருவதைத்தான் பார்க்க வேண்டும். வங்கியின் பெயரில் ஓரெழுத்து மாறியிருந்தாலோ, பொது ஜிமெயில் முகவரியாக இருந்தாலோ, மூன்று புள்ளியில் ரிப்போர்ட் ஃபிஷிங். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள்.

யாரோ ஒருவருடைய மெயில் உங்களுக்கு வந்து, முகவரியில் மட்டும் கூடுதல் புள்ளி இருக்கிறதா? மூன்று நான்கு எழுத்து விலாசம் (இனிஷியல்) வைத்துக்கொள்ளும் செட்டிநாட்டுப் பெயர்களில் இந்தக் குழப்பம் அடிக்கடி எழும். ஜிமெயில் புள்ளியைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. புள்ளி உள்ளதும் இல்லாததும் ஒரே முகவரி, இரண்டும் உங்களுடையதே. கணக்கை யாரும் திருடவில்லை. எதிராளி தன் முகவரியைத் தப்பாகக் கொடுத்திருக்கிறார்.

ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில்

குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இன்காக்னிட்டோ ஜன்னல் திறக்கும். அதில் மெயிலைத் திறந்து, பிரிண்ட் எடுத்து, அந்த ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டால் லாகின் தங்காது. டவுன்லோட் செய்த ஃபைல் மட்டும் தங்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் போய் உங்கள் ஆதாரை நீங்களே அழித்து, டெஸ்க்டாப்பில் உள்ள ரீசைக்கிள் பின்னையும் காலி செய்ய வேண்டும்.

மறந்து வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்றால், வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்பாக்ஸின் அடியில் வலது மூலையில் டீடெயில்ஸ் என்று பொடி எழுத்தில் இருப்பதை அழுத்துங்கள். கணக்கு எங்கெங்கே திறந்திருக்கிறது என்று காட்டும். சைன் அவுட் என்று தொடங்கும் பட்டன் அங்கே இருக்கும், அதை அழுத்தினால் மற்ற கம்ப்யூட்டர்களில் திறந்திருப்பது மூடிக்கொள்ளும்.