சீசன் ப்ரிவ்யூ எழுதும்போது எங்க சறுக்குது? டொரொன்டோ ப்ளூ ஜேஸை வச்சு பார்ப்போம்

2025 சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டொரொன்டோ ப்ளூ ஜேஸ்ங்கிற கனடா பேஸ்பால் டீம் பத்தி வந்த ப்ரிவ்யூக்கள்ல (சீசன் எப்படி போகும்னு முன்கூட்டியே எழுதுற கட்டுரைகள்ல) முக்கால்வாசி ஒரே புலம்பல் தான். 2024ல 74 ஜெயிச்சு 88 தோத்து அமெரிக்கன் லீக் ஈஸ்ட்ங்கிற டிவிஷன்ல கடைசி இடம், ஸ்டார் பேட்டர் ஹுவான் சோட்டோவ கூட்டிட்டு வர பார்த்தாங்க அவர் 15 வருஷம் 765 மில்லியன் டாலருக்கு நியூயார்க் மெட்ஸ் பக்கம் போயிட்டார், அதுக்கு முந்தின வருஷம் ஷோஹெய் ஓட்டானி இதே மாதிரி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு போனார், அப்புறம் பிட்சர் ரோக்கி சசாகியும் அங்கயே போனார், போதாததுக்கு ஜேஸோட ஸ்டார் விளாடிமிர் கெரேரோ ஜூனியரோட நீண்ட ஒப்பந்தப் பேச்சும் பிப்ரவரில முடியாம நின்னுச்சு. ஸ்கார்பரோ பக்கம் இருக்கிற நம்ம தமிழ் ஆளுங்க கூட இந்த டீம் இனி அவ்வளவுதான்னு பேசிட்டிருந்த நேரம் அது.

அந்த டீம் 94-68ல முடிச்சு டிவிஷனை ஜெயிச்சு, 1993க்கு அப்புறம் முதல் தடவையா வேர்ல்ட் சீரிஸுக்கு (கோப்பைக்கான இறுதித் தொடர்) போய், ஏழாவது கேம்ல வழக்கமான ஒன்பதை தாண்டி 11 இன்னிங்ஸ் வரைக்கும் தாக்குப்பிடிச்சு 5-4ல தான் டாட்ஜர்ஸ்கிட்ட தோத்துச்சு. இதை முன்கூட்டியே யாராச்சும் சொல்லியிருக்கணும்னு நான் எதிர்பார்க்கல, 94ங்கிற நம்பரை யாராலயும் சொல்லியிருக்க முடியாது. ஆனா "கடைசி இடம், நம்பிக்கையே இல்ல"ன்னு எழுதினதுக்கு காரணமா காட்டின விஷயங்கள் இருக்கு பாருங்க, அதெல்லாம் அப்பவே தப்பு. அந்த தப்புங்க ஒவ்வொரு மார்ச் மாசமும் ஒவ்வொரு டீமுக்கும் திரும்ப திரும்ப நடக்குது, அதனால தான் இதை விரிவா எழுதுறேன்.

முதல் தப்பு, போன வருஷ வெற்றி எண்ணிக்கைல இருந்து ஆரம்பிக்கிறது. 74 ஜெயிச்சாங்களா, சரி ரெண்டு புது ஆள் வந்திருக்காங்க, ஒரு 78 போடுவோம்னு கணக்கு. ஆனா அந்த 74 எந்த டீமோட 74? 2024 ஜூலை கடைசில ஜேஸ் பாதி டீமை வித்துட்டாங்க, கிகுச்சி ஹூஸ்டனுக்கு, ஜஸ்டின் டர்னர் சியாட்டிலுக்கு, டேனி ஜான்சன் பாஸ்டனுக்கு, கீர்மையர் டாட்ஜர்ஸுக்குன்னு. கடைசி ரெண்டு மாசம் ஆடினது வேற டீம், பசங்களுக்கு வாய்ப்பு குடுத்து பார்த்த டீம். அதே வருஷம் புல்பென் (ஸ்டார்ட்டருக்கு அப்புறம் வந்து போடுற பிட்சர்கள்) லீக்லயே ரொம்ப மோசமான ஒண்ணு, கேமை முடிச்சு வைக்கிற க்ளோசர் ரொமானோ முழங்கை பிரச்சனையில 15 கேம் தான் போட்டார். புல்பென் தான் ஒரு டீம்ல வருஷத்துக்கு வருஷம் அதிகமா மாறுற பகுதி, இந்த வருஷம் மோசமா இருந்தா அடுத்த வருஷமும் அப்படியே இருக்கும்னு எழுதவே கூடாது.

வெற்றி எண்ணிக்கைக்கு பதிலா ரன் வித்தியாசத்தை பாருங்க. பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் குடுத்த பைத்தகோரியன் கணக்கு ரொம்ப ஈஸி, அடிச்ச ரன்னோட வர்க்கத்தை எடுத்து, அடிச்ச ரன் வர்க்கமும் குடுத்த ரன் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால வகுத்தா வெற்றி சதவீதம் கிடைக்கும், அதை 162ஆல பெருக்கிக்கோங்க. 2023 சான் டியேகோ பாட்ரேஸ் 752 ரன் அடிச்சு 648 தான் குடுத்தாங்க, கணக்குப்படி 92, 93 ஜெயிச்சிருக்கணும், நிஜத்துல 82-80. ஒரே ரன் வித்தியாசத்துல முடிஞ்ச கேம்கள்ல 9-23, எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ்ல 2-12, இப்படி ஒரு துரதிர்ஷ்டத்தை நான் பார்த்ததே இல்ல. அந்த டீமுக்கு தைரியம் இல்ல, டிரெஸ்ஸிங் ரூம்ல ஒத்துமை இல்லன்னு என்னென்னமோ எழுதினாங்க. அடுத்த வருஷம் சோட்டோவையே வித்துட்டு 93 ஜெயிச்சாங்க.

இதுக்கு நேர் எதிர் பக்கமும் இருக்கு. 2012 பால்டிமோர் ஓரியோல்ஸ் 93 ஜெயிச்சாங்க, ஆனா ரன் வித்தியாசம் வெறும் +7, ஒரு ரன் கேம்கள்ல 29-9. க்ளோஸ் மேட்ச் ஜெயிக்கிற வித்தை தெரிஞ்ச டீம்னு பேரு வந்துச்சு. 2013ல அதே மாதிரி கேம்கள்ல 20-31, மொத்தம் 85. ஒரு ரன் கேம் ரெக்கார்டை வச்சு எதிர்காலத்தை எழுதுறது காசு சுண்டி பார்க்கிறதுக்கு கிட்டத்தட்ட சமம், நல்ல புல்பென் இருந்தா கொஞ்சம் உதவும், ஆனா 29-9 எல்லாம் திறமையால மட்டும் வராது.

ரெண்டாவது தப்பு ஸ்டார் மோகம், இது நம்ம ஆளுங்ககிட்ட கூடுதலாவே இருக்கும், ஏன்னா நாம கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவங்க. கிரிக்கெட்ல ஒரு பேட்ஸ்மேன் நின்னுட்டா நாள் முழுக்க அவர் மட்டுமே ஆடி மேட்சை தூக்கிட்டு போகலாம். பேஸ்பால்ல எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் ஒன்பது பேர்ல ஒருத்தர் தான், ஒரு கேமுக்கு நாலஞ்சு தடவை தான் பேட் பிடிக்க முடியும், அதே மாதிரி எவ்வளவு பெரிய ஸ்டார்ட்டிங் பிட்சரா இருந்தாலும் அஞ்சாறு நாளைக்கு ஒரு தடவை தான் வருவார். லீக்லயே உச்சத்துல இருக்கிற ஆள் ஒரு சாதாரண மாற்று ஆளை விட சீசனுக்கு எட்டு, ஒன்பது வெற்றி அதிகம் கொண்டு வருவார், பத்தை தாண்டுறது ரொம்ப அபூர்வம். ஏஞ்சல்ஸ் டீம்ல மைக் ட்ரௌட்டும் ஓட்டானியும் 2018ல இருந்து 2023 வரைக்கும் ஆறு சீசன் சேர்ந்து இருந்தாங்க, ஒரு தடவை கூட பிளேஆஃப் (சீசன் முடிஞ்சு கோப்பைக்கு நடக்கிற நாக் அவுட் சுற்று) போகல, தோல்விய விட வெற்றி அதிகமா முடிச்ச சீசன் கூட ஒண்ணு இல்ல. சோட்டோ வரலங்கிறது ஜேஸுக்கு இழப்பு தான், சந்தேகமே இல்ல, ஆனா அதை மட்டும் வச்சு சீசனே முடிஞ்சதுன்னு எழுதினா மிச்ச 25 பேரை யாரு பார்க்கிறது?

சரி, வந்த ஆளுங்களை எப்படி கணக்குல எடுக்கிறது? இங்க நிறைய பேர் அந்த ஆளோட பெஸ்ட் வருஷத்தை அப்படியே புது டீம்ல ஒட்டிடுவாங்க. ஆன்டனி சான்டான்டேர் 2024ல ஓரியோல்ஸுக்கு 44 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்சார், ஜேஸ் 5 வருஷம் 92.5 மில்லியனுக்கு எடுத்தாங்க, உடனே "இன்னொரு 40 ஹோம் ரன் வந்தாச்சு"ன்னு ப்ரிவ்யூ. அதுக்கு முந்தின ரெண்டு வருஷத்துல அவர் அடிச்சது 33, 28. மூணு வருஷத்தையும் சேர்த்து, கடைசி வருஷத்துக்கு கொஞ்சம் எடை கூட்டி, அதுல இருந்து இன்னும் கொஞ்சம் கீழ இறக்கி வைக்கிறது தான் நியாயம், எல்லா நல்ல ப்ராஜெக்‌ஷன் சிஸ்டமும் அடிப்படைல செய்யறது இது தான். தோள்பட்டை காயத்தோட அவர் 2025ல ஆடினது 54 கேம், ஹோம் ரன் ஆறு. காயத்தை யாரும் கணிக்க முடியாது, 44ங்கிற எதிர்பார்ப்பு மட்டும் காயத்துக்கு முன்னாடியே அதிகம்.

போன சீசனோட கடைசி ஒரு மாசம், ஒன்றரை மாசத்தை பார்த்து ஏமாறுறது இன்னொண்ணு. பௌடன் ஃப்ரான்சிஸ்னு ஒரு பிட்சர், 2024 ஆகஸ்ட், செப்டம்பர்ல பிரமாதமா போட்டார், ரெண்டு தடவை ஒன்பதாவது இன்னிங்ஸ் வரைக்கும் ஒரு ஹிட் கூட (பேட்டர் அடிச்சு பத்திரமா பேஸை சேர்றது) குடுக்காம போனார். 2025க்கு ஜேஸ் நம்பி வச்ச பேரு அது. அந்த ஓட்டத்துல பேட்டர்கள் அடிச்ச பந்துகள் வழக்கத்துக்கு மாறா ஃபீல்டர் கைக்கே போயிட்டிருந்துச்சு. ஹோம் ரன்னை விட்டுட்டு மைதானத்துக்குள்ள விழுற பந்துல சராசரியா 30 சதவீதம் ஹிட் ஆகும், அதுல பிட்சரோட கட்டுப்பாடு நாம நினைக்கிறதை விட ரொம்ப குறைவு. அதனால பிட்சரை பார்க்கும்போது இ.ஆர்.ஏ.வ (ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா குடுத்த ரன்) மட்டும் பார்க்காம ஸ்ட்ரைக் அவுட் (பேட்டர் பந்தை அடிக்க முடியாம அவுட் ஆகறது) எவ்வளவு, வாக் (நாலு தப்பான பந்தால பேட்டர் சும்மா பேஸுக்கு போறது) எவ்வளவு, ஹோம் ரன் எவ்வளவு குடுத்தார்னு பாருங்க. 2025ல ஃப்ரான்சிஸ் ரெண்டு ஜெயிச்சு எட்டு தோத்தார், இ.ஆர்.ஏ. 6.05.

இப்ப நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிற விஷயத்துக்கு வரேன், பிட்சிங் எண்ணிக்கை. ப்ரிவ்யூனா அஞ்சு ஸ்டார்ட்டர் பேரை எழுதி, காஸ்மன், பெரியோஸ், பாஸிட், ஷெர்ஸர், ஃப்ரான்சிஸ், இந்த ரொட்டேஷன் (மாறி மாறி கேமை ஆரம்பிக்கிற பிட்சர் வரிசை) போதுமா போதாதான்னு ரெண்டு வரி எழுதி முடிச்சிடுவாங்க. கணக்கு போட்டு பாருங்க, 162 கேம் ஒன்பது இன்னிங்ஸ்னா சுமார் 1,450 இன்னிங்ஸ். அஞ்சு பேரும் காயமே படாம ஆளுக்கு 180 போட்டா கூட, அதுவே நடக்காத காரியம், 900 தான் வரும். மீதி 550 யாரு போடுறது? ஆறாவது, ஏழாவது, எட்டாவது ஸ்டார்ட்டர் யாரு? இந்த கேள்விய கேட்காத ப்ரிவ்யூ பாதி ப்ரிவ்யூ தான். ஜேஸுக்கு அந்த இடத்துல வந்தவர் எரிக் லாவர், 2024ல கொரியாவுல கியா டைகர்ஸுக்கு ஆடிட்டு மைனர் லீக் (பெரிய லீக்குக்கு கீழ இருக்கிற பயிற்சி லீக்) ஒப்பந்தத்துல வந்த ஆள், மார்ச்ல அவரைப் பத்தி ஒரு பேச்சும் இல்ல. 9-2, இ.ஆர்.ஏ. 3.18, அதுக்கு மேல வேர்ல்ட் சீரிஸ் மூணாவது கேம், 18 இன்னிங்ஸ் போன அந்த கேம்ல, நடு ராத்திரில வந்து நாலரை இன்னிங்ஸுக்கு மேல ரன்னே குடுக்காம போட்டார். லாவர்னு பேரை சொல்லி யாரும் எழுதியிருக்க முடியாது, ஆனா "அஞ்சு பேருக்கு வெளிய இத்தனை பேர் கையில இருக்காங்க, இவங்க இந்த தரம்"னு ஒரு பத்தி எழுத முடியும்.

டாட்ஜர்ஸ் இதுக்கு இன்னொரு பக்க உதாரணம். 2025ல அவங்க 116 வெற்றி சாதனைய உடைப்பாங்களான்னு பேசினாங்க, 1906 கப்ஸும் 2001 மரினர்ஸும் வச்சிருக்கிற சாதனை அது. ப்ளேக் ஸ்னெல் 11 கேம், சசாகி 8 கேம் தான் ஸ்டார்ட் பண்ண முடிஞ்சுது, டீம் 93ல முடிச்சுது, அதாவது ஜேஸை விட ஒண்ணு கம்மி. கோப்பை அவங்களுக்கு தான் போச்சு, அது வேற விஷயம், அக்டோபர்ல நடக்கிற பிளேஆஃபும் ஆறு மாச சீசனும் ஒரே கணக்குல வராது. ப்ரிவ்யூல "டிவிஷன் ஜெயிப்பாங்க"ங்கிறதையும் "கோப்பை ஜெயிப்பாங்க"ங்கிறதையும் தனித்தனியா தான் எழுதணும்.

காயத்துல இருந்து திரும்புறவங்களையும் வயசானவங்களையும் ஒரே தட்டுல வைக்கிறதையும் நிறுத்தணும். 2024ல ஜேஸ் பேட்டர் போ பிஷெட் 81 கேம்ல .225 ஆவரேஜ் (ஆயிரம் தடவைக்கு 225 ஹிட்ங்கிற விகிதம்), ஜார்ஜ் ஸ்பிரிங்கர் .220. ரெண்டு பேரையும் சேர்த்து "முடிஞ்சு போன பேட்டிங்"னு எழுதினாங்க. ஆனா பிஷெட்டுக்கு வயசு 27, கெண்டைக்கால் காயம், அதுக்கு முன்னாடி அமெரிக்கன் லீக்ல ரெண்டு தடவை அதிக ஹிட் அடிச்ச ஆள், அவர் திரும்புவார்ங்கிறது எதிர்பார்க்க வேண்டிய விஷயம், திரும்பினார், .311. ஸ்பிரிங்கருக்கு 35, மூணு வருஷமா இறங்கிட்டு இருந்தவர், அவர் .309 அடிச்சு 32 ஹோம் ரன் போட்டது உண்மையிலயே அதிசயம், அதை ப்ரிவ்யூல எழுதாதவங்க மேல தப்பே இல்ல.

ஸ்பிரிங் ட்ரெயினிங் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். ஃப்ளோரிடாவுலயும் அரிசோனாவுலயும் நடக்கிற அந்த கேம்களோட ஸ்கோரை பார்க்காதீங்க. அஞ்சாவது இன்னிங்ஸுக்கு மேல ரெண்டு பக்கமும் மைனர் லீக் பசங்க, பிட்சர் புதுசா ஒரு பந்தை பழகிட்டு இருப்பார், அடி வாங்கினா அவருக்கு கவலையே இல்ல. பார்க்க வேண்டியது ரெண்டு மூணு தான், ஃபாஸ்ட்பால் வேகம் போன வருஷத்தை விட இறங்கியிருக்கா, யாருக்கு உடம்பு சரியில்ல, எந்த பேட்டர் எந்த இடத்துல ஆடுறார்.

எதிராளிய மறக்கிறதும் பெரிய தப்பு. டீம் அப்படியே இருந்தாலும் டிவிஷன் மாறும், 2024ல 91 ஜெயிச்ச ஓரியோல்ஸ் 2025ல 75க்கு விழுந்தாங்க, கார்பின் பர்ன்ஸ் அரிசோனா போயிட்டார், கிரேசன் ரோட்ரிகஸ் சீசன் முழுக்க ஒரு பந்து கூட போடல. அதே நேரம் 2023ல இருந்து ஷெட்யூல் மாறிடுச்சு, டிவிஷன் டீம் ஒவ்வொண்ணோடவும் 19 கேம் இருந்தது இப்ப 13, அதனால "கஷ்டமான டிவிஷன்"ங்கிற காரணத்துக்கு முன்ன இருந்த எடை இப்ப இல்ல.

ஃபீல்டிங்கை யாரும் கண்டுக்கிறதே இல்லங்கிறது எனக்கு தனி வருத்தம். வார்ஷோ, ஹிமெனெஸ், க்ளெமென்ட், கேட்சர் கர்க்னு ஜேஸ்கிட்ட 2025 ஆரம்பத்துலயே லீக்ல உச்ச தரத்துல ஒரு ஃபீல்டிங் கூட்டம் இருந்துச்சு. பத்து ரன் தடுத்தா ஒரு வெற்றிங்கிறது தோராயக் கணக்கு, பத்து ரன் அடிச்சாலும் அதே ஒரு வெற்றி தான். ஹிமெனெஸ் பேட்டிங் சுமார்னு சொல்லி அவரை வாங்கின ட்ரேடையே தள்ளி வச்சவங்க இந்த கணக்க போடவே இல்ல.

எழுதும்போது ஒரே நம்பரை போடாம ஒரு ரேஞ்ச் குடுங்க. காசு சுண்டுற அளவு அதிர்ஷ்டமே ஒரு சீசன்ல ஆறு கேம் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் நகர்த்தும், அதுக்கு மேல காயம் இருக்கு, ட்ரேட் இருக்கு. 76ல இருந்து 92 வரைக்கும்னு போட்டு, மேல போகணும்னா எது நடக்கணும், கீழ விழுந்தா எதனால விழும்னு பேரோட எழுதினா தான் படிக்கிறவங்களுக்கு உபயோகம்.

2025 முடிஞ்சதுக்கு அப்புறம் இதே தப்பு திசை மாறி வரும். 94ல இருந்து ஆரம்பிச்சு, டிலன் சீஸ்ங்கிற பிட்சர் 7 வருஷம் 210 மில்லியனுக்கு வந்திருக்கார், அப்போ 98ன்னு எழுதுவாங்க. ஜேஸ் 2025ல 798 ரன் அடிச்சு 721 குடுத்தாங்க, மேல சொன்ன கணக்குல போட்டா 89 வருது. ஆரம்பப் புள்ளி அது தான். பிஷெட் ஒப்பந்தம் முடிஞ்சு ஃப்ரீ ஏஜென்டா வெளிய போனதை அதுல கழிச்சு, சீஸை கூட்டி, 36 வயசு ஸ்பிரிங்கரை 2024க்கும் 2025க்கும் நடுவுல எங்கயாச்சும் வச்சு, அப்புறம் இளம் பிட்சர் ட்ரே யெசாவேஜ் கிட்ட வாங்க. போஸ்ட் சீசன்ல அவர் பண்ணினது எல்லாருக்கும் தெரியும், வேர்ல்ட் சீரிஸ் அஞ்சாவது கேம்ல 12 ஸ்ட்ரைக் அவுட், ஒரு வாக் கூட இல்ல. ஆனா ரெகுலர் சீசன்ல அவர் ஸ்டார்ட் பண்ணினது மூணே கேம், 2025ஐ ஆரம்பிச்சதே டனீடன்ல கீழ்மட்ட மைனர் லீக்ல தான், அதனால முழு சீசனுக்கு அவர்கிட்ட 180 இன்னிங்ஸ் எதிர்பார்த்து எழுதாதீங்க, அந்த இடைவெளிய நிரப்பப் போற ஆறாவது ஏழாவது ஆள் யாருன்னு முதல்ல தேடுங்க.