ஹெரால்டின் துருப்பிடித்த வீல்கள்: எதைக் காப்பாற்றலாம், எதை எடைக்குப் போடலாம்

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் வீலைப் பற்றிப் பேச்செடுத்தால், "என்ன பெயிண்ட் அடிச்சீங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. இந்த வீல் இன்னும் ரோட்டில் ஓடலாமா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அதற்கு விடை தெரியாமல் அடிக்கும் பெயிண்ட், துருவை மறைக்கிற திரை மட்டுமே.

என்னிடம் இருப்பது அப்பா வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பெருங்களத்தூர் தொழிற்சாலையில் உருவான 948 சிசி வண்டி. திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் நிற்கிறது. அந்த உப்புக்காற்றுக்குத் தப்பிய இரும்பு எங்கள் தெருவில் கிடையாது. இங்கே நான் சொல்வதெல்லாம் 13 அங்குல ஸ்டீல் வீலுக்கு. அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். அலாய் வீலுக்குப் பொருந்தாது, அது வேறு வைத்தியம்.

முதலில் டயரைக் கழற்ற வேண்டும். வருஷக்கணக்கில் கழற்றாத டயர் ரிம்மோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். வால்வு பின்னை எடுத்து காற்றை முழுசாக இறக்கிவிட்டு, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் விட்டு ஊற வையுங்கள். பஞ்சர் கடையில் சுத்தியலால் ரிம் ஓரத்தில் ஓங்கிப் போட விடாதீர்கள். எங்கள் முனைக்கடை சேட்டன் பொறுமைசாலி, கடப்பாரைக்கும் ரிம்முக்கும் நடுவே பழைய டியூப் துண்டை வைத்து நெம்புவார். அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பது நல்லது.

கழற்றியதும் மண்ணெண்ணெய் அல்லது டீசலில் கழுவி, ஒயர் பிரஷ்ஷால் தேயுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அதனால் காய்ந்த பெயிண்டைச் சுரண்டித் தூசி பறக்க விடாமல், தண்ணீர் தொட்டுத் தேய்க்கவும், மாஸ்க் போட்டுக்கொள்ளவும். இந்தக் கட்டத்தில் பளபளப்பு தேவையில்லை, இரும்பு கண்ணில் பட்டால் போதும்.

இப்போது நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து பாருங்கள். இந்த வேலையில் நேரத்தைக் கஞ்சத்தனம் இல்லாமல் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். நான்கு இடங்கள் முக்கியம். டயரின் ஓரக்கம்பி வந்து உட்காரும் ரிம் விளிம்பு, ரிம்மின் நடுப்பள்ளம், ரிம்மும் நடுத்தட்டும் சேரும் இணைப்பு, நட்டு உட்காரும் ஓட்டைகள். மேலாகப் படிந்த செந்துரு எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் பயப்பட வேண்டாம், போய்விடும். ஊசி குத்தியது போன்ற சின்னக் குழிகளும் பெரும்பாலும் பரவாயில்லை. தகடு தகடாக உரிகிறதா, ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்தினால் உள்ளே போகிறதா, விளிம்பு ஒரு பக்கம் மெலிந்து கத்தி போல ஆகியிருக்கிறதா, அந்த வீல் ஓடி முடித்துவிட்டது. எடைக்குப் போடுங்கள்.

நட்டு ஓட்டைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். லூஸ் நட்டோடு ஓடிய வீலில் ஓட்டை வட்டம் மாறி முட்டை வடிவமாகியிருக்கும். நட்டின் கூம்பு உட்காரும் சரிவு தேய்ந்திருக்கும். ஓட்டையிலிருந்து முடி போல விரிசல் கிளம்பியிருந்தால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. வெல்டிங் சாமான் கடைகளில் மூன்று டப்பாவாக விற்கும் விரிசல் சோதனை ஸ்பிரே இருக்கிறது: ஒன்று சுத்தம் செய்ய, ஒன்று சிவப்புச் சாயம், ஒன்று வெள்ளைப் பவுடர். சாயத்தை அடித்து ஊற விட்டு, துடைத்துவிட்டு, வெள்ளையை அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு கசிந்து எழும். பாரிமுனைப் பக்கம் விசாரித்தால் கிடைக்கும். விரிசலுக்கும் ஓட்டைக்கும் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். வேண்டவே வேண்டாம். வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பின் குணம் மாறும், வீலும் கோணும். பட்டி போட்டு மூடுவது அதைவிட மோசம்.

அடுத்து, வளைவு. வெறும் வீலை முன் ஹப்பில் (வீல் உட்கார்ந்து சுழலும் நடுப்பகுதி) மாட்டி, ஜாக்கியில் தூக்கி, பக்கத்தில் ஒரு மரக்கட்டையில் ஆணி அடித்து அதன் முனை ரிம்முக்கு அருகே வரும்படி வைத்துச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைவது ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் நான் விட்டுவிடுவேன். பக்கவாட்டில் ஒரு தடவை, மேல்கீழாக ஒரு தடவை பார்க்க வேண்டும்.

தேறிய வீல்களுக்குத்தான் இனி துரு நீக்கும் வேலை. ஊரில் எல்லோரும் சொல்லும் வழி சாண்ட் பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் மணல் குருணையை அடித்துத் துருவைப் பெயர்ப்பது. வேகமானது, சுத்தமானது. மெல்லிய குருணை, குறைந்த அழுத்தம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட் கிரில்லுக்கு அடிக்கிற அதே வேகத்தில் அடித்தால் நட்டு ஓட்டைச் சரிவெல்லாம் சொரசொரப்பாகிவிடும்.

வீட்டிலேயே செய்ய எனக்குப் பிடித்தது மின்பகுப்பு, அதாவது சோடாத் தண்ணீரில் மின்சாரம் செலுத்தித் துருவைக் கழற்றுவது. வீல் முழுகும் அளவுக்குப் பிளாஸ்டிக் டப், தண்ணீர், லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா, பழைய மாடல் 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். மைனஸ் வயர் வீலுக்கு, பிளஸ் வயர் வீணாய்ப் போன இரும்புத் துண்டுகளுக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இரும்புத் துண்டுக்கு நேரெதிரே இருக்கும் பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும். ஆகவே சுற்றிலும் நாலு துண்டு தொங்க விடுங்கள். ஓர் இரவு ஓடினால் துரு கறுப்புச் சேறாக மாறி, தேய்த்தால் கழன்று வரும். நல்ல இரும்பு கரையாது, அதுதான் இதன் அழகு. ஆனால் மூன்று கட்டளைகள்: சோடாவுக்குப் பதில் உப்பு போடக் கூடாது, குளோரின் வரும். பிளஸ் பக்கம் எவர்சில்வர் மாட்டக் கூடாது, தண்ணீரில் நச்சுக் குரோமியம் சேரும். குமிழியாக வருவது ஹைட்ரஜன், அதனால் திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம். டப்புக்குள் கை விடுவதற்கு முன் சார்ஜரை அணைக்கவும்.

பாத்ரூம் ஆசிட்டில் ஊறப் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். துரு போகும், வாஸ்தவம்தான். ஆனால் ரிம்மும் நடுத்தட்டும் சேரும் இடுக்குக்குள் போன ஆசிட் எத்தனை கழுவினாலும் முழுக்க வெளியே வராது. மேலே புதுப் பெயிண்ட் மினுக்கிக்கொண்டிருக்க, அது உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். சோடாத் தண்ணீரில் எடுத்த வீலையும் நன்றாக அலசி, இடுக்குகளில் காற்றடித்து, வெயிலில் காய வைத்து அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். சென்னைக் காற்றில் வெறும் இரும்பை மறுநாள் வரை விட்டால் மஞ்சள் பூத்துவிடும். மழை நாளில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

எபாக்ஸி பிரைமர் மெல்லிசாக இரண்டு கோட், அதன்மேல் நிறம். பழைய நிறம் எது என்று யாரிடமும் கேட்க வேண்டாம், ஹப் கேப்புக்குப் பின்னால் பெரும்பாலும் மிச்சம் இருக்கும். தேய்ப்பதற்கு முன்பே பெயிண்ட் கடையில் காட்டிக் கலந்து வாங்கிவிடுங்கள். நட்டுச் சரிவிலும், வீலின் முதுகு டிரம்மோடு உட்காரும் இடத்திலும் தடிமனாகப் பெயிண்ட் இருக்கக் கூடாது. ஓட ஓட அந்தப் பெயிண்ட் நசுங்கும், நட்டு லூஸாகும். பவுடர் கோட்டிங் கொடுக்கிறீர்கள் என்றால் அந்த இடங்களை மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

ஒரு வீல் தேறவில்லை, மாற்று வேண்டும் என்றால் பழைய கார் சாமான் விற்கும் புதுப்பேட்டை இருக்கிறது. அங்கே நாலு ஓட்டை வீலை நீட்டி "இது உக்காந்துரும் சார்" என்பார்கள். ஸ்கேலை எடுத்து எதிரெதிர் ஓட்டைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்து பாருங்கள். ஹெரால்டுக்கு 3¾ அங்குலம், அதாவது 95.25 மில்லிமீட்டர். இன்றைய சின்னக் கார்கள் பலவற்றில் இது 100. ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம் என்பதால் இழுத்துப் பிடித்து முடுக்கிவிடவும் முடியும், ஆபத்தும் அதில்தான். நட்டு கோணலாக உட்காரும், நட்டு ஏறும் திருகுக் கம்பியான ஸ்டட் ஒருநாள் முறியும். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வீல் அளவு ஒத்துப்போகும், இங்கே கிடைப்பதுதான் அபூர்வம்.

டயர் மாட்டும்போது டியூப் அவசியம். குழி விழுந்த பழைய ரிம்மை நம்பி டியூப்லெஸ் ஆக ஓட்டாதீர்கள். 5.20-13 பழைய அளவு. 145/80 ஆர் 13 இன்று எளிதாகக் கிடைக்கிறது, ஆனால் ரேடியல் டயருக்கு ரேடியலுக்கான டியூப்பே கேளுங்கள். வால்வு ஓட்டையின் பிசிறை அரத்தால் தேய்த்துவிடவும். டயருக்குள் ஒட்டியிருக்கும் காகித லேபிளையும் உரித்து எறியுங்கள், அது உராய்ந்தே டியூப்பில் ஓட்டை போடும்.

ஹெரால்டின் ஸ்டட் 3/8 அங்குலம்தான். பெரிய வண்டிக்குப் பிடிக்கிற ஏர் கன்னை இதில் வைக்க விடாமல், குறுக்காக மாற்றி மாற்றிக் கையால் முடுக்கி, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் மேனுவல் அளவுக்கு முடியுங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை பார்க்கவும், புதுப் பெயிண்ட் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

கடலை ஒட்டிப் போகும் ஈ.சி.ஆர். சாலைப் பக்கம் போய் வந்தால் நல்ல தண்ணீரில் வீலின் உள்பக்கத்தையும் கழுவுங்கள். அப்புறம், ஸ்டெப்னியை மறக்க வேண்டாம். டிக்கிப் பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கி, ஒருநாளும் ஓடாத அந்த வீல்தான் மற்ற நாலையும்விட மோசமாக அரித்திருக்கும். பள்ளத்தைத் துடைத்து, தண்ணீர் எந்த ரப்பர் வழியாக இறங்குகிறது என்று கண்டுபிடித்து அதை மாற்றிய பிறகு ஸ்டெப்னியை உள்ளே வையுங்கள்.