நாய் உண்ணி: உடம்பில் பிடுங்கினால் போதாது, சுவரிலும் தேட வேண்டும்

நாயின் மேல் பத்து உண்ணி கண்ணில் பட்டால், வீட்டுக்குள் அதைவிடப் பல மடங்கு ஒளிந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் நாய்களில் ஏறுவது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. குஞ்சு, இளசு, வளர்ந்தது என மூன்று பருவத்திலும் நாயின் ரத்தத்தைக் குடித்துவிட்டுக் கீழே இறங்கிவிடும். தோலுரிப்பது, முட்டையிடுவது எல்லாம் வீட்டு இடுக்குகளில்தான். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் நாய்க்கும் வீட்டுக்கும் ஒரே நாளில் வைத்தியம் தொடங்குங்கள். ஒன்றை விட்டு ஒன்றைச் செய்தால் அடுத்த மாதமே பழைய கதைதான்.

முதலில் தேடுவது

நாயை வெளிச்சத்தில் படுக்கவைத்து, முடியை எதிர்ப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே பாருங்கள். காது மடலின் உட்புறம், கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்குக் கீழே, அக்குள், தொடையிடுக்கு, வாலடி ஆகிய இடங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி சாம்பல் நிறத்தில் சின்ன ஆமணக்கு விதை மாதிரி இருக்கும். குஞ்சு உண்ணியோ ரவைப் பொடி அளவுதான். அதைக் கண்ணைவிட விரல் நுனிதான் சீக்கிரம் கண்டுபிடிக்கும். மருவையும் முலைக்காம்பையும் உண்ணி என்று இழுத்துப் புண்ணாக்கிவிடுகிறார்கள். தோலோடு ஒட்டிய இடத்தில் கால்கள் தெரிந்தால் மட்டுமே உண்ணி.

பிடுங்கும் முறை

முனை கூரான ட்வீஸர், கையுறை, மூடியுள்ள சின்ன பாட்டிலில் கால்வாசி சர்ஜிகல் ஸ்பிரிட், கொஞ்சம் பொவிடோன் அயோடின் மருந்து, இவ்வளவு போதும். உண்ணியின் வயிற்றைப் பிடிக்காதீர்கள். ட்வீஸர் முனையைத் தோலோடு ஒட்டவைத்து, வாய்ப்பகுதியைக் கவ்வி, முறுக்காமல், வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக மேல்நோக்கி இழுங்கள். தோல் லேசாகக் கூடாரம் போல எழும்பும். அப்படியே இரண்டு மூன்று விநாடி பிடித்திருந்தால் உண்ணி தானே விட்டுவிடும். உடனே ஸ்பிரிட்டில் போட்டு மூடி, கடித்த இடத்தில் அயோடின் தொடுங்கள். வாயின் துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் ஊசியால் தோண்ட வேண்டாம், உடம்பே வெளியே தள்ளிவிடும். சிவந்து வீங்கிச் சீழ் வைத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உண்ணியை நகத்தால் நசுக்குவது ஆபத்து. அதன் உள்ளே இருக்கும் கிருமி நம் கைக்காயத்தில் படலாம். மண்ணெண்ணெய் தோலைச் சுட்டுவிடும். கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெயை நாய் நக்கினால் கற்பூரமே விஷம். பூண்டும் நாய்க்கு ஆகாது. தீக்குச்சியால் சுடும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். பாட்டி வைத்தியத்தின் மேல் மரியாதை உண்டு, ஆனால் இந்த விஷயத்தில் அது நாயைத்தான் வருத்துகிறது.

நாய்க்கு மருந்து

பழைய செட்டிநாட்டு வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு உண்ணியைக் கொல்லும் மாத்திரைதான். அஃபாக்ஸோலேனர், சரோலேனர் வகை மாதம் ஒருமுறை. ஃப்ளூராலேனர் சுமார் 12 வாரத்துக்கு ஒருமுறை. எடை பார்த்துத்தான் அளவு, எனவே கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். வலிப்பு வந்த நாயென்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரை கொடுத்த பிறகும் உண்ணி ஏறும், கடித்தபின்தான் சாகும். அதைப் பார்த்துவிட்டு ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள்.

ஃபிப்ரோனில் சொட்டு மருந்தென்றால், முடியை விலக்கிக் கழுத்தின் பின்புறத் தோலில் விட வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்பும் இரண்டு நாள் பின்பும் குளிப்பாட்டக் கூடாது. முடியின் மேல் விட்டால் மருந்து வீண்.

உடம்பில் ஒற்றும் மருந்தான அமிட்ராஸ் 12.5 சதவீதத் திரவத்தை 1 லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி கலந்தால் 250 பிபிஎம் (பத்து லட்சத்தில் 250 பங்கு) வரும். பாட்டிலில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஸ்பாஞ்சால் ஒற்றி, கழுவாமல், நிழலில் உலரவிட்டு, உலரும்வரை நக்கவிடாமல் பாருங்கள். நான்கு மாதத்துக்குக் குறைந்த குட்டி, சினை நாய், சர்க்கரை நோய் உள்ள நாய், பூனை ஆகியவற்றுக்கு வேண்டவே வேண்டாம். மாட்டுக்கு வாங்கிவைத்த மருந்தைக் கண்ணளவில் கலந்து ஊற்றித்தான் பல நாய்கள் எச்சில் வடிந்து, நடுங்கித் தள்ளாடுகின்றன.

வீடு

இந்த உண்ணிக்கு மேலே ஏறும் குணம். தரையைப் பெருக்கிவிட்டு ஓய்ந்துவிட்டால் பாதிக்கு மேல் தப்பிவிடும். டார்ச் அடித்து முகப்புத் திண்ணையின் அடிப்பக்கம், தேக்கு நிலைக்கும் காரைச் சுவருக்கும் நடுவிலுள்ள கோடு, வளவுத் (உள்முற்றத்து) தூணின் அடிப்பீடம், உத்தரம் சுவரில் நுழையும் இடம், மாட்டிய படங்களின் பின்புறம் என்று பாருங்கள். சாரை சாரையாகச் சுவரில் ஏறுவதைக் கண்டால் அந்த வழியை மேலே தொடருங்கள். முடிவில் ஒரு பிளவு இருக்கும். அங்கே பழுப்பு நிறத்தில் சவ்வரிசியைவிடச் சின்னதாக முட்டைக் குவியல் கிடக்கும்.

வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி, பையைக் கட்டி உடனே அப்புறப்படுத்துங்கள். காரைப் பிளவுகளில் கொதிநீர் ஊற்றலாம், தேக்கில் வேண்டாம். பிறகு டெல்டாமெத்ரின் அல்லது சைபர்மெத்ரின் பூச்சிமருந்தை லேபிளில் உள்ளபடி கலந்து இடுக்குகளில் அடியுங்கள். முழுதும் உலரும்வரை நாய், பூனை, குழந்தைகள் வெளியே இருக்கட்டும். மீன் தொட்டியை அப்புறப்படுத்துங்கள். தரையில் பதிக்கும் பூ வேலைப்பாட்டு ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது. உண்ணி போகட்டும் என்று ஆசிட் ஊற்றித் தேய்த்தால் பூ வேலையே அரித்துப்போகும்.

மருந்து முட்டையைக் கொல்லாது. குஞ்சு பொரிக்க ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அதனால் இரண்டு, மூன்று வார இடைவெளியில் குறைந்தது மூன்று முறை அடிக்க வேண்டும். கடைசி முறைக்குப் பின் பிளவுகளைச் சுண்ணாம்புக் காரையால் அடைத்துவிடுங்கள். நாயின் சாக்கு, துணியைக் கொதிநீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்

காய்ச்சல், சாப்பாட்டை ஒதுக்குதல், வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம், காபி நிறச் சிறுநீர், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். எர்லிக்கியா, பேபிசியா இரண்டும் உண்ணி பரப்பும் ரத்த நோய்கள். உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே எர்லிக்கியா தொற்றக்கூடும். ரத்தப் பரிசோதனை செய்துதான் மருந்து தீர்மானிக்க வேண்டும். மருந்துக் கடையில் நீங்களாக டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

பூட்டிக் கிடந்த வீடு

வெளியூரில் இருந்து கல்யாணத்துக்கோ படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) வந்து வீட்டைத் திறப்பவர்கள் இதைக் கவனியுங்கள். வளர்ந்த உண்ணி ரத்தமில்லாமலே பல மாதம் பட்டினி கிடக்கும். காவலுக்கு இருந்தவரின் நாய் முகப்பில் படுத்திருந்தால், பூட்டிய வீட்டிலும் உண்ணி காத்திருக்கும். முதலில் ஓர் ஆள் வந்து, இடுக்குகளில் மருந்தடித்து, நன்றாக உலர்ந்தபின் மற்றவர்கள் வரட்டும். நாயைக் கூட்டிவருவதானால் ஒரு வாரம் முன்பே மாத்திரை கொடுத்துவிடுங்கள்.